கவிழ்த்து வைத்த லோட்டா

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, இதோ எதிரில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லப் போனில் அடித்துக்கொண்டிருக்கும் என் பேத்தி. எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படிக்கத் தெரியும். அதை வைத்துக்கொண்டே ஐந்து பேரையும் ஆளாக்கினேன். மீதி எழுத்துக்கு இவள் இருக்கிறாள்.

இவள் வாயால் பேசுவது கம்மி. போனில் அடிப்பாள், போன் பேசும். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பெயரை இவளே எல்லோருக்கும் சொல்லிவிடுவாள், மறைக்க மாட்டாள். போன வாரம் மூக்குக்கண்ணாடி வாங்கப் போனோம். கடைக்காரர் இவளைத் தாண்டி என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு எந்த ஃபிரேம் போடலாம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் போன் பேசியது.

"கண்ணு என்னோடதுங்க. என்னைக் கேளுங்க."

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு அங்கேயே என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மண்டியிலிருந்து வரும் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, நாள் முழுக்க உடைத்துக் கொட்டை எடுப்பாள். பேச மாட்டாள். அவளுக்கென்று ஒரு பித்தளை லோட்டா உண்டு. எங்கே போனாலும் கையோடு போகும். வேண்டுமென்றால் நிமிர்த்தி வைப்பாள், வேண்டாமென்றால் கவிழ்த்துவிடுவாள். "தலை பின்னட்டுமா?" என்று அம்மா கேட்பாள். லோட்டா கவிழ்ந்தால் சீப்பு மாடத்துக்குப் போய்விடும். அம்மா மறுபடி கேட்க மாட்டாள். அத்தைக்கு டாக்டரும் கிடையாது, அவர் சொல்லும் பெயரும் கிடையாது. மந்தம், காற்று கறுப்பு என்று ஊரார் வைத்த பெயர்கள்தான்.

எனக்கு ஆறோ ஏழோ வயது இருக்கும். அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். எல்லோரையும் கோயில் வாசலுக்கு அழைத்துப் போனார். மலைமேல் தீபம் தெரிந்ததும் மேளமும் வெடியும் அரோகராவும் ஒன்றாக எழுந்தன. அத்தை காதைப் பொத்திக்கொண்டு தெரு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா கையைப் பிடித்து இழுத்ததும் கத்தினாள். சாமி வந்திருக்கிறது என்று சிலர் கும்பிட்டார்கள். பேய் என்று சிலர் விலகினார்கள். காது வலிக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியப்பா மாட்டு வண்டியோடு வந்தார். பேய் ஓட்டும் இடம் ஒன்று அவருக்குத் தெரியுமாம். அங்கே காலில் சங்கிலி போட்டு வைப்பார்களாம், தெளியும்வரை அவிழ்க்க மாட்டார்களாம். அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னார்.

"அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ணா" என்றார் அப்பா.

"அதுகிட்ட கேக்கறதுக்கு இன்னாடா கீது? மல்லாட்டைகிட்ட கேட்டுட்டா உடைக்கிறோம்?"

அத்தை லோட்டாவைக் கவிழ்த்தாள். யாரும் பார்க்கவில்லை. நிமிர்த்தி, மறுபடி நங்கென்று கவிழ்த்தாள். பெரியப்பா சத்தத்துக்கு முகம் சுளித்தார், அவ்வளவுதான்.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனாள். சொம்பைக் கவிழ்த்தாள். படியைக் கவிழ்த்தாள். குண்டான், அண்டா, முறம், கூடை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் கவிழ்த்தாள். இப்படி ஒரு விளையாட்டை நான் பார்த்ததே இல்லை. நானும் சேர்ந்துகொண்டேன். மோர்ச் சட்டியைக் கவிழ்த்தேன். தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் சாய்த்தேன். தண்ணீர் கூடத்துக்கு ஓடிப் பெரியப்பாவின் காலை நனைத்தது.

"இது இன்னா வீடா, இல்ல சந்தையா?" என்று அவர் சத்தம் போட்டார்.

அப்போது அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்தாள். புருஷனின் அண்ணன், மூத்தார் என்பதால் அவர் எதிரில் அம்மா பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வாள், அதுவும் என் மூலமாக. அன்று கதவைத் தாண்டி வந்தாள். ஈரத்தில் நின்று என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு காபி லோட்டாவைப் பெரியப்பா எதிரிலேயே தரையில் கவிழ்த்து வைத்தாள்.

நான் கை தட்டினேன்.

அப்பாதான் சொன்னார்: "அது வரலைன்னு சொல்லுதுண்ணா."

"வாயத் தொறந்து சொல்லுச்சா?"

"இதுக்கு மேல எப்படித்தான் சொல்லணும்?"

வண்டி காலியாகத் திரும்பியது. பெரியப்பா சாப்பிடவும் இல்லை. ரொம்ப வருஷம் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் கொண்டுவரும் பொரி உருண்டை நின்றுபோனதில் எனக்குத்தான் வருத்தம். மறு வருஷத்திலிருந்து தீபத்தைப் பின்கட்டில் நின்றே பார்த்தோம். நாங்கள் எல்லோரும் உள்ளே போன பிறகும் அத்தை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் காலில் கடைசிவரை கொலுசைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை.

அன்று அம்மாவும் விளையாட வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மூன்று பேர் சேர்ந்து ஜெயித்தோம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதை ஜெயித்தோம் என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் அம்மா சொன்ன முதல் 'மாட்டேன்' அதுதான் என்பதும் தெரியாது.

போதும் கண்ணு. அடிச்சதை ஒரு தடவை படிச்சுக் காட்டு. போன் படிச்சாலும் சரி. உன் பேச்சும் இதுல வருது, அதனால உன்னையும் கேக்கணும். இந்தா, ஆயா காபி குடிச்ச லோட்டா. நான் சொன்னதுல எது உனக்கு வேணாமோ, அந்த இடத்துல கவுத்து வை. எடுத்துடலாம்.