தலை மறைக்காத தேர்

இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேலே இருந்ததை மட்டும் மெல்லத் திருகினார் என் மச்சான். வீரபாண்டிப் பக்கத்துச் சலவைப் பட்டறை அது. வெளுத்த பனியன் துணியை, பயிரில்லாமல் கிடந்த மேட்டுக்காடு முழுக்க விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். உச்சி வெயில். வெறுங்கண்ணால் அந்த வெள்ளையைப் பார்த்தால் தண்ணீர் கொட்டும். மச்சான் திருகத் திருக, விளக்குத் திரியை உள்ளே இழுத்தாற்போல வெயில் தணிந்தது. வெள்ளை சாம்பலாயிற்று, சாம்பல் நிலா வெளிச்சமாயிற்று, அப்புறம் கருக்கலாயிற்று. கண்ணாடியை விலக்கினால் அதே மொட்டை வெயில், அதே காடு. நான் சட்டென்று கையைக் கூப்பிவிட்டேன். "மாப்ளே, இது சாமி இல்லீங்க, பில்டரு. பாத்துங்க, துணிய மட்டும் பாருங்க. சூரியனப் பாத்தீங்கன்னா கண்ணு போயிரும்" என்று சிரித்தார். அவர் சிரித்தாலும் கை தானாகத்தான் கூம்பியது. பகலை விரலால் திருகிக் குறைக்க முடியும் என்று அதுவரை நான் கனவிலும் நினைத்ததில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் உடன்பிறந்த அண்ணன். திருப்பூரில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. அஞ்சாவதோடு படிப்பு முடிந்தது. விடிந்தால் முருகனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பனியன் தொழிலைப் படம் எடுக்க வெளியூரிலிருந்து வந்த சினிமாக் கேமராக்காரர் ஒருவருக்கு மச்சான் நாலு நாள் ஒத்தாசை செய்தார். அவர் போகும்போது, விளிம்பு நசுங்கிய அந்த இரண்டு பில்டர்களையும் இவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கண்ணாடியை மட்டும் பார்த்தால் லேசாகப் புகை பிடித்தது போல இருக்கும், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துத் திருகினால்தான் இந்த மாயம். வெளிச்சம் குறைந்தால் கேமரா மூடியை அதிக நேரம் திறந்து வைக்கலாம் என்றார் மச்சான். அது எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நாலு நாள் கழித்து விளங்கியது. அன்று பட்டறையில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். காடு இருந்தது, துணி இருந்தது, தொட்டி இருந்தது. ஆள் ஒருத்தர் இல்லை. துணி புரட்டிப் போட்டுக்கொண்டு பத்துப் பேர் நடமாடினார்கள், நானும் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். ஒருவரும் படத்தில் இல்லை. "ரெண்டு நிமிசம் தெறந்து வெச்சேன் மாப்ளே. ஆடாம இருக்கறது மட்டுந்தான் பிலிம்ல உழும். நடந்துட்டே இருக்கறவனக் கண்ணாடி எண்ணிக்கையில சேத்தாது" என்றார். நான் அங்கே இருந்தேன், வேர்வை சிந்தினேன். இருந்தும் இல்லாமல் போனேன். மனுஷப் பிறவி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தானோ என்று அன்று முழுக்க அதே நினைப்பாகத் துணி வெட்டினேன்.

அந்த வருடம் என் மனைவி படுத்த படுக்கையாக இருந்தாள். முதுகுத்தண்டில் கட்டி. முதலில் கால் மரத்தது, பிறகு உட்காரவே முடியாமல் போயிற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: அறுத்து எடுத்தால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம், மயக்கம் தெளியாமலே போனாலும் போகலாம். அறுக்காவிட்டால் வைகாசி தாண்டுவது கஷ்டம். வந்து சேர நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார். இவளோ வர மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். தேரைப் பார்க்காமல் கத்திக்குக் கழுத்தை நீட்ட மாட்டாளாம். எங்கள் ஊர் வைகாசித் தேர், ஆஸ்பத்திரிக்குப் போகக் குறித்த நாளுக்கு மூன்று நாள் முந்தி வந்தது. கட்டிலோடு தூக்கிப்போகலாம் என்றால், அந்தக் கூட்டத்தில் கட்டில் கால் ஊன்றவே இடம் இருக்காது. அசைத்தாலே அலறுகிறவள் அவள்.

"போன வருசம் பாத்தியே, போதாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கீங்க பாத்தேன்?" என்றாள். "பொறந்ததுலருந்து தேர்நோம்பிக்குப் போறேன். நானிருக்கற ஒயரத்துக்கு எல்லார்த்து தலையுந்தான் தெரிஞ்சுது. கலசம் ஆடறது தெரியும், முன்னால நிக்கறவன் பொடனி மயிரு தெரியும். சாமிக்கும் எனக்கும் நடுவால ஒரு நாளாச்சும் ஒருத்தருமில்லாம இருந்துருக்குதாங்க? செத்தாலும் பரவால்லீங்க, ஒருக்கா முழுசாப் பாத்துப்போட்டுப் போறனே."

அவள் உயரம் குறைவுதான். கல்யாணத்தில் மாலை மாற்றும்போது நான் குனிந்ததை வைத்து மச்சான் பல வருடம் என்னைக் கேலி செய்தார். அந்தக் குள்ளம் அவளுக்கு இத்தனை பெரிய ஏக்கமாக உள்ளே கிடந்தது எனக்குத் தெரியாது. எழுந்து வெளியே வந்தேன். வாசலில் மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். நேரே உள்ளே போய்க் கட்டிலோரம் குத்தவைத்தார். "அம்மிணி, ஒருத்தன் தலை இல்லாம அந்தத் தேரக் கொண்டாந்து உன்ற கையில குடுத்தா ஆஸ்பத்திரிக்கு வருவியா?" என்றார். "நோம்பியன்னிக்குத் தேர் வீதியில ஆளில்லாமயா? அண்ணனுக்கு வெயில் தலைக்கேறிருச்சு" என்றாள் அவள். "வருவியா, மாட்டியா?" "வாறேன்" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. நடக்கிறவன் மறைவான், சரி. தேர் பார்க்க வந்தவன் நடக்கவா செய்வான், நின்றுதானே பார்ப்பான்? இதைக் கேட்டபோது மச்சான் கண்ணைச் சிமிட்டினார். "தேருக்கு முன்னால செருப்புப் போட்டுட்டு நிப்பீங்களா மாப்ளே?" "சிவசிவா, அதெப்படிங்க மச்சான்?" "அப்பொறம் என்ன? உச்சி நேரத்துல தேரு மூலை திரும்ப நிக்குது. அடியில தார் ரோடு. வைகாசி வெயிலு. வெறுங்கால வெச்சுட்டு எவன் ஆடாம நிப்பான்? ஒவ்வொருத்தனும் கரகாட்டமில்ல ஆடுவான்!" நானும் முப்பது வருடமாக அந்த வீதியில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தவன்தான். அது ஒரு கணக்குக்கு உதவும் என்று இந்த ஒரு மனுஷனுக்குத்தான் தோன்றியது.

தேர் நாளன்று, திருப்பத்தில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் முக்காலியை ஊன்றினார். ஸ்டுடியோவின் பெரிய பெட்டிக் கேமரா. முகப்பில் இரண்டு பில்டர்களையும் பொருத்தி, முன்பே பென்சிலால் போட்டு வைத்த கோட்டுக்குத் திருகினார். முழு இருட்டுக்கு ஒரு மயிரிழை இப்பால். கருப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, பிலிமைச் செருகினார். நேரம் எண்ணும் வேலை எனக்கு. அவர் கைக்கடிகாரத்தில் நொடி முள் ஓடாது. "சரவணபவன்னு நிதானமா ஒருக்காச் சொன்னா ஒரு நொடிக்குமேல கொஞ்சம் எச்சா வரும். நூத்தியெட்டு சொல்லுங்க. முடிஞ்சதும் என்ற தோளத் தட்டுங்க. வேற ஒண்ணும் நெனைக்காதீங்க" என்றார்.

தேர் வந்து நின்றது. சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். மூடியை எடுத்தார். நான் சரவணபவ என்று ஆரம்பித்தேன். என் முன்னால் கடலாக ஜனம், ஒருவர் பாதமும் தரையில் தங்கவில்லை. அறுபதைத் தாண்டியிருப்பேன், தீபாராதனை காட்டினார்கள். அரோகரா என்று அந்த வீதியே எழும்பியது. என் கை தலைக்குமேல் போய்விட்டது, வாயும் அரோகரா என்றுவிட்டது. எண்ணிக்கை அறுந்தது. ஜபம் நடுவில் அறுந்தால் மறுபடி ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும், எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒன்றிலிருந்து தொடங்கி, நிறுத்தி நிதானமாக நூற்றெட்டு சொல்லி முடித்துத் தோளைத் தட்டினேன்.

மூடியைப் போட்டவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "என்னுங்க இத்தன நேரம்?" நடந்ததைச் சொன்னேன். "அட கெரகமே! உங்களக் கோயில்ல பூசைக்கா கூப்புட்டேன்? ஒண்ணரைப் பங்குக்கு மேல ஓடியிருச்சே. வெளுத்துப்போயிருக்கும் மாப்ளே, வெறும் வெள்ளைக் காயிதந்தான் வரும்." இன்னொரு பிலிம் போடுவதற்குள் கட்டையை எடுத்து வடத்தை இழுத்துவிட்டார்கள். தேர் எங்களைத் தாண்டிப் போயிற்று. தேரை நேருக்கு நேர் பார்த்தும் அழுதுகொண்டு வீடு திரும்பியவன் அன்று நான் ஒருவன்தான் இருப்பேன். போனதும் அவள் கேட்டாள், "அண்ணன் எடுத்தாச்சுங்களா?" எடுத்தாச்சு என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, ஆனால் பொய் சொன்ன மாதிரியே இருந்தது.

மறுநாள் மத்தியானம் மச்சான் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நூத்தியெட்டோட நிறுத்தியிருந்தீங்கன்னா ஒண்ணுமே வந்துருக்காதுங்க. கருகருன்னு போயிருக்கும். இருட்டு எச்சானா பிலிமும் சோம்பேறியாயிருமாட்டிருக்குது. என்ற கணக்குத்தான் தப்பு" என்றார். பட்டறையில் வெள்ளைத் துணி வெளிச்சத்தைத் திருப்பி அடித்ததால் அங்கே போதுமாயிருந்த நேரம் இங்கே போதவில்லை என்று பின்னால் விளக்கிச் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்கவில்லை. என் வாயில் அரோகரா வரவழைத்தவன் எவனோ, அவன் கணக்கு அது.

படத்தை நாங்கள் அவள் முகத்துக்கு நேரே பிடித்தோம். அடித்தட்டிலிருந்து கலசம் வரைக்கும் முழுத்தேர். மரச்சிற்பம் ஒவ்வொன்றும் உளி நுனி பட்ட இடம் வரை தெரிந்தது. துணியலங்காரம் மட்டும் காற்றில் லேசாகக் கலங்கியிருந்தது. வீதி காலி. ஆயிரக்கணக்கான ஜனம் நின்ற இடத்தில் தரையோடு தரையாக ஒரு மெல்லிய புகை, மார்கழிப் பனி மாதிரி. அப்போதுதான் சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்த உருவம் கண்ணில் பட்டது. ஒரு பெண். முதுகுதான் தெரிந்தது. முந்தானையை இடுப்பில் செருகி, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, பொம்மை போல நின்றாள். பாதம் இரண்டும் தாரில் பதிந்திருந்தன, விரல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. எல்லாரும் குதித்த அந்தக் கொதியில் மூன்று நிமிடம் அவள் அசையவே இல்லை.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மிணி, ஒருத்தருமில்லாம தாறேன்னு சொன்னேன். இவ ஒருத்தி நின்னுட்டா. பிளேடுல சொரண்டிப் பாக்கலாம்னா சேலை சக்கரத்தோட ஒட்டிக் கெடக்குது. வாக்குத் தவறிட்டேன்."

அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தேர் இவ்வளவு பெருசாண்ணா?" என்றாள். கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் துடைத்தேன். பிறகு அந்தப் பெண்ணின் மேல் விரலை வைத்தாள். "சொரண்டீராதீங்க. அவ நிக்கட்டும். கால் வெந்துருக்குமேண்ணா. அப்பிடி என்ன கேட்டுட்டு நின்னாளோ." சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிமணிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அறுவை முடிந்து கண் விழித்த அன்று, உள்ளே போகும்போது என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். எனக்காக, பிள்ளைகளுக்காக என்று சொல்வாள் என்று நினைத்தேன். "எனக்குன்னு ஒண்ணுங் கேக்கலீங்க. நாந்தான் முழுசாப் பாத்துட்டனே. அந்தப் புள்ள கேட்டதக் குடுத்துரு சாமீன்னு சொன்னேன், அதோட மயக்கம் வந்துருச்சு" என்றாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து சாமி கும்பிட்டிருக்கிறேன், இப்படி ஒரு வேண்டுதல் என் வாயில் வந்ததில்லை.

எட்டு மாதத்தில் கோல் ஊன்றி நடந்தாள். மச்சான் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. இப்போது தேர் வீதியில் எல்லார் கையிலும் போன். தலைகளோடு இப்போது கைகளும் மறைக்கின்றன. அதில் வெளிச்சத்தைக் குறைக்கவும் கூட்டவும் விரலால் தடவினால் போதும் என்று பேரன் காட்டினான். ஆச்சரியந்தான், ஆனால் கை கூம்பவில்லை. நாங்கள் இருவரும் வருடம் தவறாமல் போகிறோம். அவள் தேரைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்க்கிறாள். போன வருடம் கேட்டேவிட்டேன்: "அந்தப் பொம்பளையத் தேடுறியா? இத்தன வருசத்துக்கு அப்பொறம் எங்க இருக்கறாளோ. மூஞ்சிகூட நாம பாத்ததில்லையே."

"மூஞ்சி எதுக்குங்க?" என்றாள், குனிந்தபடியே. "எல்லாரும் குதிக்கறாங்க. ஆடாம நிக்கற கால் ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க."