பின்பலகையில் உட்கார்ந்திருந்தவர்

போன வாரம் வேலப்பன்சாவடியில் பேருந்து நின்றுவிட்டது. ஏதோ கல்லூரி வண்டி சாலையின் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. என் ஜன்னலுக்கு நேராக ஒரு சரக்கு வண்டி. அட்டைப்பெட்டிகளை உயர அடுக்கி, பின்பலகையை இறக்கிவிட்டு, அதில் ஒருவர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் பீடி. வண்டி நகர்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மனிதர் ஒரு சாண் மேலே போய்த் தொப்பென்று விழுந்தார். பீடி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவரை நான் பார்த்தது இரண்டாவதாகத்தான். முதலில் சக்கரத்துக்கு மேலே பட்டைகள் எத்தனை என்று எண்ணினேன். ஒன்பது. இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

பட்டை என்றால், லாரிக்கு அடியில் வில்போல வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்குமே இரும்புத் தகடுகள், அவைதான். சாலையின் குண்டு குழியை அவைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அவை வாங்காததை வண்டியில் இருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

பல வருஷங்களுக்கு முன், அந்தோணி அண்ணன் ஓட்டிய அவருடைய சொந்த லாரியிலும் ஒன்பது பட்டைகள். ஆவடி ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி வண்டி அது. பெட்ரோல் இன்ஜின். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அது பேருந்துகளை முந்திப் போகும்போது நடத்துனர்கள் எட்டிப் பார்ப்பார்கள். “மாமே, டீசல் வண்டிங்கோல்லாம் நம்ம பின்னாடி புழுதிய துன்னுகினு வர்ணும்” என்பார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வெள்ளைச் சட்டையோடேயே வண்டிக்கு அடியில் படுத்துவிடுகிற மனிதர். அவர் மனைவி அதற்காக வாரம் தவறாமல் சண்டை போட்டார்.

என் அப்பா அந்த வண்டியில் லோடுமேன். அவருக்குப் பூர்வீகம் காட்டுப்பாக்கம் பக்கம். சின்ன வயதில் அங்கே பிறர் வயல்களில் நாற்று நட்டவர். பிறகு அண்ணனூர் ரயிலடிக்கு அருகே குடிவந்து, சுமை தூக்குகிறவரானார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ட்யூப்லைட் பெட்டிகளை ஏற்றி, காட்டுப்பாக்கம் குடோனில் இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நடை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி பாலிடெக்னிக்வரை போன முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அப்பா நம்பினார். அதைவிட மோசம், நானும் நம்பினேன்.

நான் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த வருஷம் அப்பாவின் இடுப்பு விட்டுப்போகத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பார். மருந்துக்கடைக்காரர், “இந்தக் குலுக்கல் இப்டியே போச்சின்னா அடுத்த வருசம் மூட்ட தூக்க முடியாது, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டார். தூக்க முடியாத லோடுமேனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? அம்மாதான் என்னிடம் கேட்டாள். “இவ்ளோ பட்ச்சிக்கினு கீற. அந்த வண்டி குலுங்காம இருக்க ஒரு வழி பண்ண மாட்டியா?”

வண்டிக்கு அடியில் நானும் படுத்துப் பார்த்தேன். அந்தோணி அண்ணன் முன்பு வார்ப்பு இரும்பு ஏற்றியவர். அந்தப் பாரத்துக்காகக் கூடுதலாகப் பட்டைகள் போட்டிருந்தார். இப்போது ஏற்றுவதோ ட்யூப்லைட். வைக்கோல் மாதிரி லேசான சரக்கு. அதற்குப் பட்டைகள் வளைந்தே கொடுக்கவில்லை. போதாதற்குப் பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே மரக்கட்டையாகிவிட்டிருந்தன. பட்டைகளின் முனையில் இருக்கும் பித்தளை புஷ்கள் தேய்ந்து விரல் நுழையும் அளவுக்கு ஆட்டம். குலுக்கலை அடக்க வேண்டிய ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கிக் காய்ந்துபோயிருந்தது.

“மூணு பட்டைய கழட்டிடலாம்ணா” என்றேன்.

அண்ணன் சிரித்தார். “கழட்டறதா? பின்னாடி தூக்கி நின்னாதான்டா வண்டி. பட்ட கொறைச்சா நாய் குந்துன மாதிரி கெடக்கும். ரோட்ல மானம் போய்டும்.”

“ட்யூபு உடையுதில்ல?”

அது அவரை யோசிக்க வைத்தது. கம்பெனியில் உடைந்த ட்யூப்களைக் காட்டி ஏற்கெனவே கேள்வி கேட்டிருந்தார்கள். ட்யூப்புக்காக என்று அவரிடம் சொன்னேனே தவிர, அப்பாவுக்காக என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. ட்யூப் என்றால் அது தொழில் விஷயம். அப்பா என்றால் கெஞ்சுவது போலாகிவிடும் என்று நினைத்திருப்பேன்.

பட்டை வேலை ரஹீமின் பட்டறையில். எட்டாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்து எழுதியவன். இப்போது நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சார்ட் பேப்பரில் வண்டியைப் பக்கவாட்டில் வரைந்து, பாரம் எவ்வளவு, வளைவு எவ்வளவு என்று குறித்து எடுத்துப் போயிருந்தேன். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

“இன்னா மச்சான், கல்யாண பத்திரிகையா?”

“நேரா புடிடா.”

“நேரா புடிச்சாலும் அப்டித்தான் கீது.”

கிண்டல் ஓய்ந்ததும் வேலையில் இறங்கினான். பட்டைகளைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொன்றாக உலையில் பழுக்கவைத்து, அடித்து வளைவேற்றி, எண்ணெயில் முக்கினான். அந்த வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்ல? அப்பளம் பொரித்த சட்டியில் யாரோ சைக்கிள் செயினைப் போட்டு வறுத்தது போல இருக்கும். இப்போதும் எங்காவது எண்ணெய் கருகினால் எனக்குப் பசி எடுப்பதில்லை. ரஹீமின் குரல்தான் கேட்கிறது. கழற்றிய மூன்று பட்டைகளில் ஒன்றை வெட்டி அம்மாவுக்கு ஒரு அரிவாள்மனை செய்து கொடுத்தான். பூசணிக்காயை வெண்ணெய் மாதிரி அறுத்தது.

ஆறு பட்டைகளுக்கும் நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்கி, புது புஷ், பட்டைகளை அச்சோடு இறுக்கப் புது யு-போல்ட். வேறொரு வண்டியின் நல்ல ஷாக் அப்சார்பரைப் பொருத்த புது பிராக்கெட் வெல்டிங் செய்தோம். வண்டி சம மட்டமாக நின்றது. அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து, “பாவமா கீதுடா” என்றார்.

திங்கட்கிழமை நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வண்டியில் போனேன். டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே ஒரு தம்ளரில் பாதியளவு தண்ணீர் வைத்தேன். சிந்துகிறதா என்று பார்க்க. பாலிடெக்னிக்கில் யாரும் சொல்லித்தரவில்லை, என் சொந்த யோசனை. திருவேற்காடு தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறி, காட்டுப்பாக்கம் போய்ச் சேரும்வரை அரை தம்ளர் தண்ணீர் அப்படியே இருந்தது. “மெத்த மேல போற மாதிரி கீது மாமே!” என்று அண்ணன் ஹாரன் அடித்தார். பெட்டிகளைப் பிரித்தபோது ஒரு ட்யூப்கூட உடைந்திருக்கவில்லை.

அப்பா பின்னாலிருந்து இறங்கி, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எப்டிப்பா?” என்றேன் முன்னாலிருந்தே.

“நல்லாத்தான் கீது.”

அன்று சாயங்காலம் சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வெற்றி பெற்றவன் அல்லவா. அப்பாவும் வந்து மெல்லக் குந்தினார். படத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது இன்னா?”

“முன் சக்கரம். இது பின் சக்கரம். இதெல்லாம் லோடு.”

“அந்தோணி?”

“இதோ, ஸ்டீரிங் போட்டிருக்கேன் பாரு.”

“நீ?”

“அண்ணன் பக்கத்துல.”

விரல் பெட்டிகளைத் தாண்டி, பின் சக்கரத்தைத் தாண்டி, தாள் முடிகிற இடம்வரை போய் நின்றது. “நான் எங்க கீறேன் இதுல?”

குற்றம் சாட்டும் குரலே இல்லை. போட்டோவில் தன் முகத்தைத் தேடுகிற மாதிரிதான் கேட்டார். “இவரு மூஞ்சிய வேற படத்துல போடணுமாம்” என்று அம்மா சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ட்யூப் பெட்டி எவ்வளவு எடை, பெட்ரோல் எவ்வளவு எடை என்றெல்லாம் எழுதியிருந்தேன். எந்த இடுப்புக்காக இதையெல்லாம் தொடங்கினேனோ அதற்கு அந்தத் தாளில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

மறுநாள் அப்பாவின் பக்கத்தில், பின்பலகையில் உட்கார்ந்தேன். ஒரு கிலோமீட்டரில் விளங்கிவிட்டது. பட்டைகள் நன்றாகத்தான் வேலை செய்தன. ஆனால் பின்பலகை சக்கரத்துக்கு வெகு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கிணற்று ஏற்றத்தின் நுனியைப் போல, நடுவில் இரண்டு விரல் அசைந்தால் அங்கே ஒரு சாண் தூக்கிப் போட்டது. அப்பாவுக்கு ஒவ்வொரு பள்ளமும் தெரிந்திருந்தது. “கோயிக்கட பள்ளம் வருது, கைய ஊனு” என்பார், கோழிக்கடை நெருங்கும்போதே. இருவரும் உள்ளங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வோம். நான் எப்போதும் கொஞ்சம் தாமதம்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தினமும் வீட்டுக்கு வந்து சொல்கிறவைதான். “அதோ அந்தக் கயனி, நாங்க நாத்து நட்டது. இப்ப கல்லு நட்டுகினு கீறானுங்க பாரு. அந்தக் கெணறு மூடிட்டானுங்க. அங்க போறான் பாரு சைக்கிள்ல, அவன் எனக்குப் பங்காளி முற.” சாலையோரத்தில் யாராவது கைகாட்டுவார்கள், இவரும் காட்டுவார். நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் என் முதுகெலும்பின் அடிக்கணுவிலும், அங்கிருந்து பின் அச்சுக்கு எத்தனை அடி என்பதிலும் இருந்தது.

முன் இருக்கையில் ஒரு இடம் எப்போதும் காலியாகத்தான் போனது. லோடுமேன் அங்கே உட்காரக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை. யாரும் உட்கார்ந்ததும் இல்லை. நான் மட்டும் முதல் நாளே ஏறி உட்கார்ந்துகொண்டேன், யோசிக்காமல். அப்பாவை அங்கே உட்காரவைக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டபோது, “நான் வாணாம்னா சொன்னேன்? வா நைனா, வந்து குந்து” என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா ஒரே ஒரு நாள் உட்கார்ந்தார். எஸ்டேட் கேட் தாண்டுவதற்குள் இறங்கிவிட்டார். “பொட்டி கட்ன கயிறு அவுந்தா முன்னாடி குந்திகினு கீறவனுக்கு இன்னா தெரியும்?”

கடைசியில் ரஹீம்தான் வேலையை முடித்தான். டிரைவர் அறைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் அளவு இடைவெளி. அங்கே தூக்கிப்போடாது. இரண்டு இரும்பு ஆங்கிள்கள், ஒரு பலகை, அதன் மேல் பழைய டயரை வெட்டிய மெத்தை. கயிற்றின் நுனி கைக்கெட்டும்படி கொண்டுவந்து கட்டினோம். அப்பாவுக்கு மறுப்புச் சொல்லக் காரணம் இல்லாமல் போனது. “இப்ப பத்திரிகையில நைனா பேரு போட்டாச்சா?” என்றான் ரஹீம். சார்ட் பேப்பரில் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டேன்.

இடுப்பு தேறியது. மருந்துக்கடைக்காரர் சொன்ன அடுத்த வருஷம் வந்தது, போனது. அப்பா மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் தூக்கினார். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு, மறைப்பானேன்.

ஆனால் வீட்டில் ஏதோ குறைந்திருந்தது. என்னவென்று புரியவே எனக்குப் பல மாதங்கள் ஆயின. ஒரு சாயங்காலம் கேட்டேன். “இன்னாப்பா, ரோட்ல ஒண்ணும் விசேஷம் இல்லியா?”

“பொட்டிதான தெரிது.”

“இடுப்பு?”

“அது நல்லா கீது.” பிறகு, என் மனம் நோகக் கூடாதென்றோ என்னவோ, “ரொம்ப நல்லா கீது” என்றார்.

அந்தோணி அண்ணன் வண்டியை உடைக்கப் போட்டு மூன்று வருஷமாகிறது. பலகை, டயர் மெத்தை எல்லாம் அதோடு போயின. ரஹீம் துபாயில் இருக்கிறான். ட்யூப்லைட் கம்பெனி கேட்டில் பூட்டு. அப்பா போன தையில் காலமானார்.

போன வாரம் பேருந்து நகர்ந்ததும், காட்டுப்பாக்கம்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு பக்கமும் வீடுகள், மதில்கள். அப்பா நாற்று நட்ட கழனி எது, மூடிய கிணறு எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை. எதற்கு அடுத்து எது போனது, எந்த வருஷம் போனது என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதையெல்லாம் தினமும் பார்த்து வந்து சொல்லிக்கொண்டிருந்தவரை, நான்தான் பெட்டிகளுக்கு நடுவே நகர்த்தி உட்காரவைத்தேன்.