நாற்றம் நின்ற குழி

செருப்பைத் தோல் பதனிடும் கிடங்கிலேயே விட்டுவிட்டு அனகாபுத்தூரிலிருந்து தாம்பரம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் என் கூட்டாளி திட்டிக்கொண்டே வந்தான்.

"ஏணிய ஏன்டா குழில தள்ளுன? உன்னால என் வேலயும் பூட்ச்சி."

முடி நீக்கும் சல்பைடு தண்ணீரும் தோல் ஊறிய ஆசிட் தண்ணீரும் அந்த ஒரே கழிவுக் குழியில் விழும். இரண்டும் கலந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷ வாயு கிளம்பும். நாற்றம் நின்றபின் ஆளை இறக்கிச் சேற்றை வாருவது எங்கள் வழக்கம். அன்று குழியோரம் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது. மேஸ்திரி கைகாட்ட, கூட்டாளி ஏணியில் கால் வைத்தான்.

அப்போதுதான் தெருவிலிருந்து தோல் மூட்டையோடு உள்ளே வந்த வண்டிக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"இன்னா அண்ணா, இந்த நாத்தத்துல எப்டி நின்னுகினு கீறீங்க?"

நாற்றம் அப்படியேதான் இருந்தது. மரத்துப்போனது எங்கள் மூக்கு. கூட்டாளியை மேலே இழுத்துவிட்டு ஏணியைத் தள்ளினேன். மேஸ்திரி இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

தாம்பரம் வரும்வரை கூட்டாளியின் வாய் ஓயவில்லை.

மறுநாள் காலை அங்கே ஓர் ஐஸ் கம்பெனியில் பாளம் சுமக்கச் சேர்ந்தோம். குளிரூட்ட, கசிந்தால் மூச்சை அடைக்கும் அமோனியா வாயு ஓடும் குழாய்கள் சுவர் முழுக்க இருந்தன. நான் பாளத்தைத் தோளில் ஏற்றியபோது கூட்டாளியைக் காணோம். தெருவில் நின்று நல்ல காற்றை இழுத்துவிட்டு, வாசலில் மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.