விசிலடித்தது நான்தான்

இத்தா முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை நான் படம் பார்க்கப் போனேன்.

இதை எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். கேட்டது சரிதானா என்று பிறகு யோசிப்பார்கள். சரிதான். கட்டிய மாப்பிள்ளை மவுத்தாகி, நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி, அந்நிய ஆண் முகம் பாராமல் வீட்டுக்குள் இருந்து, அவருக்காக ஓத வேண்டியதையெல்லாம் ஓதி முடித்த ஒரு பெண், கறுப்பு அபாயாவை மாட்டிக்கொண்டு கல்முனைத் தியேட்டருக்குப் போய், எங்கள் நடிகரின் புதுப் படத்தை முதல் நாளே பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவளுக்கு அதில் அன்றும் வெட்கம் இல்லை, இன்றும் இல்லை.

எங்கள் நடிகர் என்று நான் சொல்வது உரிமையில். அவர் மெட்ராஸில் இருக்கிறார். கல்முனைக்குடி என்று கடலோரத்தில் ஓர் இடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நானும் என் மாப்பிள்ளையும் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரோடுதான் வயதாகி வந்தோம். அவருக்கு மீசை தடித்தபோது இவருக்கும் தடித்தது. இவருக்கு நரைத்தபோது அவர் மட்டும் சாயம் பூசிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு நெல் வியாபாரம். சவளக்கடைப் பக்கம் போய்க் களத்திலேயே நெல் வாங்கி மில்லுக்குப் போடுவார். அறுவடைக் காலத்தில் தலைமயிரில் பதர் ஒட்ட வீடு திரும்புவார். புதுப்படம் வந்த நாளென்றால் கிணற்றடியில் நின்றே சத்தம் போடுவார்: "உடுத்துட்டியா? பேர் போடுறதுக்கு முந்திப் போய்ச் சேரணும்!" எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் கதைத்த அளவுக்கு நாங்கள் கதைக்கவில்லை. நாங்கள் படத்துக்குப் போனோம்.

கடல் வந்த வருடத்திலும் போனோம். கடற்கரை ஓரத்தில் இருந்த எங்கள் முதல் வீட்டைக் கடல் கொண்டு போனது. என் உம்மாவையும் கொண்டு போனது. சில மாதங்கள் கூடாரத்தில் இருந்தோம். அந்தக் கூடாரத்தில் அழ முடியாது. துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்களும் மையித்து அடக்கியவர்கள். ஒருத்தி அழத் தொடங்கினால் வரிசையாக எல்லாக் கூடாரங்களும் அழும். அதனால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். அப்போதுதான் ஒரு நாள் அவர் வந்து, "வா, படத்துக்குப் போவம்" என்றார். பக்கத்துக் கூடாரத்து மனிதர் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"மையித்துக்கு மேல போட்ட மண் காயல்ல. படம் கேக்குதா உங்களுக்கு?"

என் மாப்பிள்ளை திரும்பி நின்று, "ஓம் காக்கா, கேக்குது" என்று மட்டும் சொன்னார்.

அன்று எங்கள் நடிகர் பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் சண்டைக் காட்சியில் நான் அழுதேன். தியேட்டரே கத்திக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. உம்மாவுக்காக நான் வாய் விட்டு அழுதது அந்த ஒரு இடத்தில்தான். பள்ளிவாசலில் மார்க்கப் பயான் கேட்டும் எனக்கு ஆறுதல் கிடைத்தது, மறுக்கவில்லை. இதுவும் கிடைத்தது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க நான் தயாரில்லை.

இனி விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாப்பாவுக்கு மாவடிப்பள்ளியில் கொஞ்சம் வயல் இருந்தது. கதிர் முற்றும் காலத்தில் கிளிகளை விரட்ட எங்களை அனுப்புவார். தகரம் தட்டி எனக்குக் கை நொந்துவிடும். அதனால் இரண்டு விரலை வாயில் வைத்து நாக்கை மடக்கி விசிலடிக்கப் பழகினேன். வரம்பின் இந்தக் கோடியில் நான் அடித்தால் அந்தக் கோடியில் கிளி எழும்பும். பெரிய பிள்ளையானதும் உம்மா அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டேன். கலியாணம் முடித்த புதிதில் தியேட்டரில், திரையில் நடிகர் முதன்முதலாகத் தோன்றும் இடத்தில், மாப்பிள்ளை விரலை வாயில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். எச்சில் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு ஒன்று அடித்தேன். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தான் அடித்ததுபோலத் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. நடிகர் வருவார், மாப்பிள்ளை முழங்கையால் என்னை இடிப்பார், நான் அடிப்பேன், பேர் அவருக்குப் போகும். சவளக்கடைக் களங்களில்கூட "விசில் முதலாளி" என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் அடித்துக் காட்டச் சொன்னபோது, பல் நோகிறது என்று சொல்லித் தப்பி வந்ததை இரவு சோற்றுக்கு முன்னால் இருந்து அவர் சொல்ல, நான் சிரித்துப் புரையேறினேன்.

அவர் நெஞ்சு வலித்துப் போனார். நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

இத்தா முடிந்து முதல்முதலாகத் தெருவில் இறங்கிய நாள், எதிர் மதிலில் புதுப்பட விளம்பரம் ஒட்டியிருந்தது. எங்கள் நடிகர் தோளில் கோடரியோடு நின்றார். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பது மதினி, மாப்பிள்ளையின் ராத்தா, அவருக்கு மூத்தவர். ஹஜ் செய்தவர். தியேட்டர் வாசலை ஆயுளில் மிதிக்காதவர். அவரிடம் மறைத்துப் போக எனக்கு விருப்பமில்லை.

"மதினி, வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு நான் படத்துக்குப் போறன்."

மதினி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"தனியவா?"

"ஓம்."

"தனியப் போனா கதைப்பாங்க புள்ள."

"கதைக்கட்டும் மதினி."

மதினி மீனைத் திருப்பிப் போட்டு இரண்டு துண்டு வெட்டினார். பிறகு நிமிராமலே சொன்னார்: "ரெண்டு பேர் போனா ரெண்டு பேரையும் கதைப்பாங்க. ஆளுக்குப் பாதி வரும். நானும் வாறன். என்ட தம்பி அப்படி என்னத்தத்தான் அங்க போய்ப் பாத்தான் எண்டு நானும் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை ஓட்டோவில் போய் இறங்கினோம். தியேட்டர் வாசலில் பொடியன்கள் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பாண்டிருப்புத் தமிழ்ப் பொடியன்களும் எங்கள் ஊர்ப் பொடியன்களும் கலந்து நின்று ஒரே கட்டவுட்டுக்கு மாலை போட்டார்கள். இந்த இரண்டு ஊரும் ஒன்றின் தெருவில் ஒன்று கால் வைக்கப் பயந்திருந்த காலத்தை நான் கண்டவள். அதனால் அந்த மாலையை இளக்காரமாகப் பார்க்க என்னால் முடியாது.

கதவடியில் நிற்பவர் பல வருடமாக அங்கே வேலை செய்பவர். என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"வாங்கக்கா! என்ன, எங்கட விசில்காரர் பின்னுக்கு வாறாரா?"

மதினிதான் சொன்னார்: "மவுத்தாப் போயிட்டான், மகனே."

அவர் டிக்கட்டுகளைக் கிழிக்காமலே திருப்பித் தந்தார். பிறகு எங்களுக்கு முன்னால் படியேறி, பால்கனியில் நானும் மாப்பிள்ளையும் எப்போதும் இருக்கும் கரைச் சீட்டுகளைத் தன் கையால் துடைத்துவிட்டுப் போனார். துக்கம் விசாரிக்க வந்த எத்தனையோ பேர் சபூர் செய், பொறுத்துக்கொள் என்று சொன்னார்கள். இவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் நெஞ்சில் நின்றது.

விளக்கு அணைந்தது. எங்கள் நடிகரை எடுத்தவுடன் காட்ட மாட்டார்கள். முதலில் செருப்பு. பிறகு கை. பிறகு புகைக்குள் முதுகு. கீழே சனம் கதிரைகளின் மேல் ஏறி நின்றது. எனக்குத் தெரியும், இன்னும் ஒரு நொடியில் அவர் திரும்புவார். என் இடது பக்கத்து விலா, முழங்கை இடிக்கும் என்று காத்திருந்தது. இடி வரவில்லை. அந்தப் பக்கத்தில் மதினி தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

நடிகர் திரும்பினார். உதடு எனக்கு வறண்டிருந்தது. நாக்கால் நனைத்தேன். இரண்டு விரலை வைத்தேன். வாயை மறைக்கவில்லை.

அந்த விசில் எனக்கே புதிதாக இருந்தது. மாவடிப்பள்ளி வயலில் கூட அப்படி அடித்ததில்லை. கூரைத் தகரத்தில் முட்டித் திரும்பி வந்தது. கீழ் வகுப்பு முழுவதும் அண்ணாந்து பார்த்தது. இந்தத் தடவை பேரை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆண் இல்லை. இரண்டு பெண்கள்தான் இருந்தோம், அதில் ஒருத்தியின் விரல் வாயில் இருந்தது.

"யா அல்லாஹ், ஆரு புள்ள அது?" மதினி துள்ளிவிட்டார்.

"நான்தான் மதினி. எப்பயும் நான்தான்."

இருட்டில் அவர் என்னையே பார்த்தார். "அப்ப எங்கட தம்பி?"

"அவருக்குக் காத்துதான் வரும்."

மதினி சிரிக்கத் தொடங்கினார். தம்பி மவுத்தான பிறகு அவர் சிரித்து நான் காணவில்லை. தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு, "இன்னொருக்கா அடி" என்றார். அடித்தேன். கீழேயிருந்து பொடியன்கள் பதிலுக்கு அடித்தார்கள். எங்கள் நடிகர் திரையில் கோடரியைச் சுழற்றினார்.

கீழே இருந்தவர்களில் யாரோ போனில் பிடித்துவிட்டார்கள். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என் கூடப்பிறந்த நானா வந்தார். சாய்ந்தமருதில் கடை வைத்திருப்பவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே போனை நீட்டினார். சின்னத் திரையில் கறுப்பு உருவம் ஒன்று விரலை வாயில் வைத்திருந்தது.

"இது நீதானே?"

"ஓம் நானா. நான்தான்."

இல்லை என்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பார் போல. நீட்டிய போனை இழுத்துக்கொண்டார்.

"இத்தா முடிஞ்ச கையோட இப்பிடி ஒரு வேல செய்யலாமா? நாலு பேருக்கு முன்னால எனக்குத் தல நிமித்த ஏலாம இரிக்கி. அவ்வளவு ஆசயெண்டா ஊட்டில இருந்து போன்ல பாக்க ஏலாதா?"

"ஊட்டில நான் தனிய நானா. சோறும் தனிய, தொழுகயும் தனிய, படமும் தனியவா? அங்க ஊரே ஒண்டாச் சிரிக்கிது. அதுக்குத்தான் போறன்."

"அது ஹராமான இடம்."

"உங்கட கடையில காலையில இருந்து இரவு வரைக்கும் கிரிக்கெட் ஓடுது. நடுவுல பொண்டுகள் ஆடுற நேரம் டிவிய நிப்பாட்டுற நீங்களா?"

நானாவின் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு வாய் கூடிட்டு. அவன் தந்த செல்லம். இனி ஒருக்கா அங்க போனா நான் இந்த ஊட்டுப் பக்கம் வரமாட்டன்."

"அது உங்கட விருப்பம் நானா. ஊடு என்ட பேர்ல இரிக்கி, நான் இஞ்சதான் இருப்பன். தேத்தண்ணி வெச்சிட்டன், குடிச்சிட்டுப் போங்க."

குடிக்காமல் போனார். அந்தத் தேத்தண்ணியை நானே குடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அபாயாக்களுக்குக் கல் பதிக்கும் கைவேலைதான் என் சீவியம். எனக்கு வேலை தரும் கடைக்காரர் சில வாரங்கள் ஒன்றும் அனுப்பவில்லை. பெருநாள் நெருங்கியதும், கல் நேராக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிற வாடிக்கைக்காரர்கள் நச்சரித்ததும் மூட்டையாக அனுப்பினார். கலியாண வீடுகளில் பெண்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நீங்களா விசிலடிச்ச?" என்று கேட்டார்கள். "ஓம், நான்தான்" என்றேன். சிலர் எழும்பிப் போனார்கள். ஒருத்தி எப்படி அடிப்பது என்று கேட்டாள். சமையலறையில் வைத்துக் காட்டிக் கொடுத்தேன்.

படித்தவர்களும் விடவில்லை. உறவில் ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர், "மார்க்கத்த விடுங்க மாமி, அந்தப் படங்கள் மூளையக் கழட்டி வெச்சிட்டுப் பாக்கிற குப்பைகள்தானே" என்றார். நான் கழற்றி வைப்பதில்லை. யுத்தத்தைக் கண்டவர்கள் நாங்கள், கடலையும் கண்டவர்கள். ஒருவன் பத்துப் பேரை அடித்துவிட்டு நடந்து வரமாட்டான் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. விழுந்தவர்கள் எழும்பவில்லை என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால்தான், எழும்புகிற ஒருவனை மூன்று மணித்தியாலம் பார்க்கக் கிடைத்தால் கை தட்டுகிறோம். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

நானா இன்னும் வரவில்லை. பெருநாளுக்கு அவர் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. அவர் வராதது எனக்கு வலிக்கிறது. ஆனால் அதற்காக நான் படத்தை விடவில்லை.

எங்கள் நடிகரின் அடுத்த படத்துக்கும் மதினியும் நானும் போனோம். உண்மையைச் சொன்னால் படம் படுமோசம். தியேட்டரில் பாதி காலி. இடைவேளைக்குப் பிறகு மதினி நித்திரையாகிவிட்டார். வெளியே வரும்போது நல்ல மழை. அபாயா நனைய ஓடிப்போய் முன்னாலிருந்த கொத்து ரொட்டிக் கடையில் ஒதுங்கினோம். "நாசமாப் போன கதை. அந்த மனிசன் வயசுக்கு ஏத்த கதையா எடுத்தா என்ன?" என்று மதினி மெட்ராஸில் இருக்கும் டைரக்டரைத் திட்டிக்கொண்டே கச்சான் கடலையை உரித்தார்.

கடையில் எல்லாம் ஆண்கள். பேச்சு நின்று எங்களைப் பார்த்தார்கள். முதலாளி மரியாதையாக வந்து, "பின்னுக்குக் குடும்ப அறை இரிக்கி உம்மா, திரையும் போட்டிரிக்கி" என்றார்.

மதினி கதிரையை இழுத்துத் தெருவைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

"வேணாம் மகனே. இஞ்சயே ரெண்டு மாட்டுக் கொத்து போடுங்க. உறைப்புக் கூட்டி."