இரட்டை அடி

ராணுவப் பள்ளியின் பழைய மாணவர்கள் கூடிய அன்று, பெரிய டிரம்மை, பள்ளி பேண்டில் அதை அடித்துவந்த 'இடி'யின் கழுத்திலேயே மாட்டினார்கள். பல் டாக்டரான பிறகும் பேண்டுக்காரர்களுக்கு அவர் இடிதான். தோள் ஆபரேஷனுக்குப் பின் கை பழையபடி ஓங்குமா என்று அவருக்கே சந்தேகம். ஓங்கியது. முதல் அடியிலேயே தொப்பைகளெல்லாம் உள்ளே போய் நெஞ்சுகள் நிமிர்ந்தன.

டிரம்காரர் இரட்டை அடி கொடுத்தால்தான் பேண்டு நடையையும் வாசிப்பையும் நிறுத்தும். அதுதான் அவர்கள் பழகிய முறை. இடி கொடுப்பதாயில்லை. மைதானம் முடிந்து வாசலும் வந்துவிட்டது.

டிரம்பெட்காரர் வாயிலிருந்து குழலை எடுத்தார். "டேய், ரெட்டை அடி குடுத்துத் தொலைடா. மூச்சு முட்டுது."

"நான் கட்டின பல்லுதானே, தாங்கும். ஊதுடா."

மனைவி பக்கத்தில் ஓடிவந்தாள். "தோள் வலிக்கலையா?"

"உயிர் போகுது. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

பேண்டு தெருவில் இறங்கியது.