யாருக்கும் இல்லாத ஸ்வெட்டர்

1996 தசரா விடுமுறை முடிந்த வாரத்தில் என் நாத்தனார் பிரசவத்துக்காக லிங்கராஜபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தை மார்கழியில் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மார்கழி விடியலில் குடத்துத் தண்ணீரில் கை வைக்க முடியாது. அவள் வந்த மறுநாளே கமர்ஷியல் தெருவுக்குப் போய் வெளிர்மஞ்சள் உல்லன் வாங்கிவிட்டேன்.

ஸ்வெட்டர் பின்ன நான் கற்றுக்கொண்டது 1992இல், ஆபீஸ் மதிய இடைவேளைகளில். அன்று முதல் கை சும்மா இருந்தால் எனக்கு ஆகாது. குக்கரின் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே ஒரு வரிசை, சிவாஜிநகர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் நாலு வரிசை, மகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது முடிந்தவரை. பதினாறாம் வாய்ப்பாட்டில் அவள் தடுமாறினால் நானும் ஒரு கண்ணியைத் தவறவிடுவேன். அடுப்பில் பால் பொங்கி வழியும். "நம்ம வீட்ல பால் பொங்காத நாள்தான் விசேஷம்" என்பார் என் கணவர்.

அந்த வாரமும் பால் பொங்கியது. அத்தை, அதாவது என் மாமியார், அடுப்பை அணைத்துவிட்டு என் மடியைப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

"யாருக்கும் இல்ல அத்தை. சும்மா."

"சும்மாவா? இந்த சைஸுக்கு நம்ம வீட்ல யாரு இருக்காங்க? பூனைக்குப் போடப்போறியா?"

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எதையும் முன்கூட்டி வாங்கி வைக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். அத்தைக்கு அது வெறும் சொல் இல்லை. 1995 ஆவணியில், என் நாத்தனாரின் முதல் பிரசவத்துக்கு முன், ஆசைப்பட்டு ஒரு கொசுவலையும் நாலு சட்டைகளும் வாங்கி வைத்திருந்தார். அந்தக் குழந்தை பிறந்தபோது அழவே இல்லை. சட்டைகளை அவர் என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. படித்த புத்தகங்கள் அத்தனையும் என் பக்கம்தான் இருந்தன. ஆனால் மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால், அத்தை வாய் திறக்காவிட்டாலும், என் ஊசியால்தான் என்று நானே நினைப்பேன் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை.

சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்த நாத்தனார்தான் வழி கண்டுபிடித்தாள்.

"அம்மா, அது இன்னும் சட்டையே இல்லயே. முதுகு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் கெடக்குது. துண்டு துண்டா இருந்தா அது வெறும் துணிதானே?"

அத்தை அடுப்பில் வழிந்த பாலைத் துடைத்து முடித்தார். "சேக்கக் கூடாது" என்றார் கடைசியில். "பொறந்தப்புறம் சேத்துக்கட்டும். அதுவரைக்கும் உங்க அண்ணி பண்றது என் கண்ணுல படக்கூடாது."

"நீ கண்ண மூடிக்கோ, அவங்க பின்னட்டும்."

முதுகுப் பகுதி பீரோவில், முன்பகுதிகள் தலையணை உறைக்குள், கைகள் என் ஆபீஸ் பையில் என்று பிரித்து வைத்தேன். டிசம்பர் தொடக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகுதான் தவிப்பு அதிகமானது. சேர்க்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஒரு கை நீளமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதைப் பிரித்து மறுபடி பின்னினேன். பிறகு இன்னொரு கையை. பஸ்ஸில் தினமும் பக்கத்தில் உட்காரும் பெண் கேட்டேவிட்டாள்: "இன்னாக்கா, போன வாரமும் இதே கைதானே? புள்ளைக்கு எத்தனை கை?"

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு காலை வலி எடுத்தது. துண்டுகளை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி நடையில் அத்தை ஒரு பெஞ்சில், நான் எதிர் பெஞ்சில். நான் முந்தானை நுனியை முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தேன். மதியம் உள்ளே ஒரு குழந்தை அழுதது. உள்ளே பிரசவத்துக்கு நாலைந்து பேர் இருந்தார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. நர்ஸ் வந்து எங்களைப் பார்த்து கன்னடத்தில், "ஹெண்ணு மகு" என்ற பிறகுதான் எழுந்தார். பெண் குழந்தை. "பெச்சகெ ஏனாத்ரு கொடி" என்றாள் நர்ஸ். கதகதப்பாக எதையாவது கொடுக்கச் சொன்னாள்.

ஆட்டோவில் வீட்டுக்குப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டேன். நீட்டியதும் அத்தை பின்வாங்கினார்.

"பொறந்த புள்ளைக்குப் புதுசு போடுவாங்களா? யாராவது போட்ட பழசுதான் மொதல்ல போடணும்."

"இத யாரு அத்தை போட்டிருக்க முடியும்?"

"அம்மா, அந்த ஜன்னல் சாத்த மாட்டேங்குது" என்றாள் நாத்தனார் கட்டிலிலிருந்து. "உன் சாஸ்திரத்த நாளைக்கு வெச்சுக்கோ."

அத்தை என் கையிலிருந்து ஸ்வெட்டரை வாங்கினார். அதைத் தன் தலையில் கவிழ்த்து, அதன் இரண்டு கைகளையும் மோவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டில் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். நர்ஸ் நின்று பார்த்துவிட்டு, "ஏனஜ்ஜி, நிமகா, மகுகா?" என்றாள், ஸ்வெட்டர் பாட்டிக்கா குழந்தைக்கா என்று. அத்தை யாரையும் பார்க்கவில்லை. பழைய வேட்டித் துணிக்குள் ஏறி இறங்கிய குழந்தையின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்மா. பழசாயிடுச்சு."

"இரு."

"எவ்ளோ நேரம்?"

"இருடின்னா."

கழற்றினால் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் அது குழந்தையுடையதாகிவிடும். இது ஒரு சத்தமாவது போடட்டும் என்றுதான் அவர் காத்திருந்தார் என்று எனக்குப் புரிந்தது. நானும் குழந்தையின் மார்பைப் பார்த்தேன்.

குழந்தை தும்மியது.

அத்தையின் விரல்கள் முடிச்சுக்குப் பாய்ந்தன. அவிழவில்லை. நான் குனிந்து அவிழ்த்தேன். அவர் இழுத்த வேகத்தில் கொண்டை ஊசி ஒன்று உல்லனோடு வந்துவிட்டது. அதைத் தேடி எடுத்துவிட்டு, குழந்தையின் வலது கையை அவரும் இடது கையை நானும் பிடித்து உள்ளே நுழைத்தோம்.