அவருக்கு மேல ஆர்?

எங்கட அப்பா ஆமியில இருந்தவர். இந்த ஒரு வசனத்தைச் சிட்னியில என்ர குசினிக்குள்ள நிண்டு வாய்விட்டுச் சொல்ல எனக்கு முப்பது வருசத்துக்குக் கிட்ட எடுத்தது. எனக்கு வாய் நீளம் எண்டு ஊருக்கே தெரியும். கோயில் அன்னதானத்தில சாம்பாருக்கு உப்புக் கூடினா, கூடிப்போச்செண்டு சொல்லிப்போட்டு வாற ஆள் நான். இதை மட்டும் என்ர மனுசனைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லேலாமல் கிடந்தது.

நீங்கள் நினைக்கிற ஆமி இல்லை அது எண்டு அப்பா சொல்லுவார். வெள்ளைக்காரன் போன கையோட புதுசாத் துவங்கின ஒரு சின்னப் பட்டாளம். காலாட்படை கொஞ்சம், பீரங்கிக்காரர் கொஞ்சம், பாலம் போட எஞ்சினியர்மார், காயத்துக்கு மருந்து கட்ட ஒரு பகுதி, செய்தி அனுப்ப சிக்னல்ஸ். அதுக்குப் பக்கத்தில, வாத்திமாரும் கிளாக்கர்மாரும் சனி ஞாயிறில வந்து காக்கி போட்டுப் பழகிற தொண்டர் படை ஒண்டு. அவ்வளவும்தான். முதல் தளபதியும் வெள்ளைக்காரன்தானாம். அப்பா சிக்னல்ஸில இருந்தவர். கட்டளை எல்லாம் இங்கிலீசில. சிங்களவர், தமிழர், வெள்ளைக்காரர் வழியில வந்த பறங்கியர், மலாய்க்காரர் எல்லாரும் ஒரே மேசையில இருந்து சாப்பிட்டவையாம். வெள்ளம் வந்தா மண்மூட்டை அடுக்கிறது, துறைமுகத்தில வேலைநிறுத்தம் எண்டா போய் மூட்டை இறக்கிறது, சுதந்திர தினத்துக்குச் சப்பாத்தை மினுக்கிப்போட்டு நடக்கிறது. அப்ப நீங்கள் ஒண்டையும் சுடேல்லையோ எண்டு சின்னனில கேட்டதுக்கு, காம்புக்குள்ள வந்த பன்றி ஒண்டைச் சுட்டனாங்கள், அதுவும் தப்பி ஓடியிட்டுது எண்டவர்.

பிறகு அறுபதுகளில சில பெரிய ஆபிசர்மார் ஆட்சியைக் கவிழ்க்கப் பாத்தவை எண்டு பிடிபட்டினம். அதோட எல்லாம் மாறிச்சுது. கட்டளை சிங்களத்துக்குப் போச்சுது. பறங்கியர் மெல்பேணுக்குக் கப்பலேறிச்சினம். சாப்பாட்டு மேசையில தமிழ் முகம் ஒவ்வொண்டாக் குறைஞ்சுகொண்டு வந்தது. எழுபதுகளின்ர துவக்கத்தில அப்பாவும் பென்சனை எடுத்துக்கொண்டு வெளியில வந்திட்டார். ஆனா அந்தாளுக்கு அந்தப் பழைய ஆமியில ஒரு பாசம் இருந்தது. பெத்த பிள்ளையள் எங்களைப் பற்றிக் கதைக்கேக்க வராத வெளிச்சம் அதைப் பற்றிக் கதைக்கேக்க முகத்தில வரும். எனக்கு அதைக் காணப் பத்திக்கொண்டு வரும்.

எனக்குக் கலியாணம் பேசேக்க நாட்டில சண்டை துவங்கியிட்டுது. பொம்பிளையின்ர தகப்பன் ஆமி எண்டு ஆர் வாய் திறந்து சொல்லுவினம்? அம்மா, கவுண்மேந்து உத்தியோகம், தந்திப் பகுதி எண்டு ஒரு போடு போட்டா. யோசிச்சுப் பாத்தா முழுப் பொய்யும் இல்லை, செய்தி அனுப்பிற வேலைதானே. இவருக்கு, அதுதான் என்ர மனுசனுக்கு, முதல் மாசமே நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். அவர் சிரிச்சுப்போட்டு, தன்ர அம்மாவுக்கு இப்ப சொல்லவேண்டாம், ஆறுதலாச் சொல்லுவம் எண்டார். அந்த ஆறுதல் வரவே இல்லை. நாங்கள் சிட்னிக்கு வந்த பிறகு, ஊரில ஒருநாள் இவற்ற தம்பி வேலைக்கெண்டு சைக்கிள்ள வெளிக்கிட்டவன் வீட்டை திரும்பேல்லை. ஆர் கொண்டுபோனது, எங்க கொண்டுபோனது, இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. இவற்ற தாய், என்ர மாமி, அவன்ர படத்தைக் கொண்டு காம்ப் காம்பாப் போய் வாசல்ல நிண்டவ. வாசல்ல நிக்கிற பெடியன், எனக்குத் தெரியாது, மேல கேளுங்கோ எண்டு அரைகுறைத் தமிழில சொல்லுவானாம். மேல எண்டா ஆர், எங்க எண்டு கேக்க மாமிக்கு அவன்ர பாஷை தெரியாது.

கடைசியில இவர் மாமியை இஞ்ச எடுத்தார். என்ர அம்மா செத்தாப் பிறகு அப்பாவும் வந்து சேர்ந்தார். குவேக்கர்ஸ் ஹில்லில ஒரே வீடு, எதிரும் புதிருமா ரெண்டு அறை. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறது எண்டு சொல்லுவினமெல்லோ, நாங்கள் ஒரு முழு மனுசனை மறைச்சு வச்சிருந்தம். அதில கொடுமை என்னெண்டா, ரெண்டு பேருக்கும் நல்ல ஒட்டு. அவ அவரை அண்ணை எண்டுவா, அவர் அவவைத் தங்கச்சி எண்டுவார். அப்பாவுக்குப் பல்லுச் சரியில்லை எண்டு மாமி புட்டை மெத்தெண்டு அவிப்பா. எனக்கு ஒருநாளும் அப்பிடி அவிச்சுத் தந்ததில்லை.

இஞ்ச ஏப்ரலில அன்சாக் நாள் வரும். பழைய பட்டாளக்காரர் மெடல் குத்திக்கொண்டு நகரத்துக்குள்ள அணிவகுத்துப் போவினம். அவைக்குப் பின்னால மற்ற நாட்டுக் கிழவங்களும் சின்னச் சின்னக் கூட்டமா நடப்பினம். எங்கட நாட்டாக்களும் ஒரு கைப்பிடி. அப்பாவோட சிக்னல்ஸில இருந்த சிங்கள நண்பர் ஒருத்தர் ஸ்ட்ராத்ஃபீல்டில இருந்தார். அப்பாவின்ர நீலக் கோட்டும் தொப்பியும் மெடலும் அவற்ற வீட்டு அலுமாரிக்குள்ளதான் கிடந்தது. அப்பா எங்கட வீட்டில இருந்து வேட்டியோட வெளிக்கிட்டு, அங்க போய் உடுப்பு மாத்தி, நடந்து முடிச்சு, திரும்ப வேட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். எண்பது வயசில, பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கிற பெடியன் மாதிரி. மாமிக்குச் சொல்லுறது, கோயிலுக்குப் போட்டு வாறன் எண்டு.

முதல் வருசம் மாமி வாசல் மட்டும் வந்து, அண்ணை, கோயிலுக்கெண்டா என்ர பிள்ளையின்ர பேருக்கு ஒரு அர்ச்சனை செய்துகொண்டு வாங்கோ எண்டு, காணாமல் போன அந்த மகன்ர பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னா. பேர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யிறது உயிரோட இருக்கிறவைக்கு. மாமி அவனுக்கு ஒருநாளும் திவசம் செய்ய விட்டதில்லை. அந்தக் கதையை எடுத்தாலே எழும்பிப் போயிடுவா.

நான் அப்பாவை ஸ்டேசனுக்குக் காரில ஏத்திக்கொண்டு போனன். அர்ச்சனையை நான் போய்ச் செய்யிறன் எண்டு சொல்லிப் பாத்தன், தலையை ஆட்டி மறுத்திட்டார். அந்த மனுசன் நகரத்துக்குள்ள நடந்து முடிச்சு, வீங்கின காலோட ட்ரெயின் ஏறி, பஸ் பிடிச்சு, முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனையைச் செய்து, திருநீறும் தேங்காய்ப் பாதியும் கொண்டுவந்து மாமியின்ர கையில குடுத்தார். வருசா வருசம் இதுதான் நடந்தது. உங்களுக்கென்ன விசரோ எண்டு ஒருக்கால் கேட்டன். கோயிலுக்கெண்டு சொன்னா கோயிலுக்குப் போகத்தானே வேணும் எண்டார்.

ஒரு வருசம் அண்டைக்கெண்டு பாத்து வீட்டில இன்டர்நெட் படுத்திட்டுது. மாமியின்ர சீரியல் ஒண்டும் ஓடேல்லை. அவ றிமோட்டை அமத்தி அமத்தி, வந்ததைப் பாத்துக்கொண்டு இருந்தா. நான் குசினிக்குள்ள வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டன். பான்ட் சத்தம் கேட்டுது. கேட்ட உடனயே கத்தியையும் கையில கொண்டு ஓடிப்போறன், அதுக்குள்ள டிவியில சிங்கக் கொடி வந்திட்டுது. கொடிக்குப் பின்னால அப்பா. வீட்டில கூனிக்கொண்டு சுவரைப் பிடிச்சு நடக்கிற மனுசன், அங்க நெஞ்சை நிமித்தி, கையை வீசி, மற்றவையின்ர காலுக்குத் தன்ர காலைச் சரியா வச்சு நடக்கிறார். சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு, ஆனா சொல்லுறன், என்ர அப்பா வடிவா இருந்தார்.

நான் என்னவோ விளக்கம் சொல்லத் துவங்க, மாமி கையைக் காட்டி நிப்பாட்டினா. அப்பாவுக்குப் போன் அடிச்சன், எடுக்கேல்லை. பின்வளவில புல்லு வெட்டிக்கொண்டு நிண்ட இவரைக் கூப்பிட்டுச் சொன்னன். அவர் தாயின்ர முகத்தைப் பாத்திட்டுக் கதிரையில இருந்தவர்தான், எழும்பேல்லை. மத்தியானம் ஒருத்தரும் சாப்பிடேல்லை.

பின்னேரம் அப்பா வந்தார். வேட்டி, கையில கோயில் பை. மாமி திருநீறை வாங்கி வடிவாப் பூசினா. பூசிப்போட்டுக் கேட்டா.

"அண்ணை, டிவியில வந்தது நீங்கள்தானே?"

"ஓம், தங்கச்சி."

வெடிக்கப்போகுது எண்டு நான் பாத்துக்கொண்டு நிண்டன். வெடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். மாமி கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ எண்டா. ஆமியில ஆருக்கு மேல ஆர் எண்டு எனக்குச் சொல்லித் தாங்கோ எண்டா.

அப்பாவுக்கு முதல்ல விளங்கேல்லை. பிறகு சொல்லத் துவங்கினார். வாசல்ல துவக்கோட நிக்கிறவன் வெறும் சிப்பாய், அவனைப்போலக் கொஞ்சப் பேருக்கு ஒரு கோப்ரல். அவருக்கு மேல ஆர் எண்டா மாமி. சார்ஜன்ட், அதுக்குப் பிறகு பிளட்டூனுக்கு ஒரு லெப்டினன்ட். அவருக்கு மேல? கொம்பனிக்கு ஒரு மேஜர். அவருக்கு மேல? பட்டாலியனுக்குக் கேணல், அவருக்கு மேல பிரிகேடியர். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு பாடமாக்கிற மாதிரி மாமி ஒவ்வொண்டையும் வாய்க்குள்ள திருப்பிச் சொன்னா. மேல போகப் போக அப்பாவின்ர குரல் கீழ இறங்கிக்கொண்டு வந்தது. தளபதியில வந்து நிப்பாட்டினார். மாமி விடேல்லை. அமைச்சு எண்டார். அதுக்கு மேல எண்டு கேட்டா, அரசாங்கம் எண்டார். அதுக்கும் மேல எண்டு கேக்க, அதுக்கு மேல ஒருத்தரும் இல்லை எண்டார்.

மாமி அப்பாவின்ர பக்கம் திரும்பினா.

"இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கிற ஆக்களுக்கு, ஒரு பிள்ளை எங்கயெண்டு தெரியாமப் போகுமோ, அண்ணை? நீங்கள் கேட்டா அவை சொல்லுவினம். கேட்டுச் சொல்லுங்கோ."

அவவின்ர குரலில கோபம் இல்லை. அவ்வளவு காலம் வாசல் வாசலா நிண்ட மனுசிக்கு உள்ளுக்க இருந்து ஒரு ஆள் கிடைச்சிட்டார், அதுவும் சொந்த வீட்டுக்குள்ளயே. அந்த நம்பிக்கையைக் கண்டு எனக்கு நெஞ்சு வெடிச்சுது. நான் ஆமியை விட்டு எத்தினையோ வருசம், எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது எண்டு அப்பா சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். அவர் "கேக்கிறன்" எண்டார்.

பிறகு அவற்ற அறைக்குப் போய் நான் கிழிச்சன். ஏலாத ஒண்டுக்கு ஏனப்பா ஓமெண்டனீங்கள், அந்த மனுசியை இன்னும் எத்தினை வருசம் பாத்துக்கொண்டு இருக்க விடப்போறியள் எண்டு கேட்டன். அவர் கட்டில்ல இருந்து காலைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"வருசா வருசம் அந்த உடுப்பைப் போட்டு நடந்தனான், பிள்ளை. இப்ப ஒரு கேள்வி வரேக்க, அது என்ர உடுப்பில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவர் கேட்டார். சும்மா சொல்லக்கூடாது, உண்மையாவே கேட்டார். ஸ்ட்ராத்ஃபீல்ட் நண்பரும் சேர்ந்து மெல்பேண், கொழும்பு, கண்டி எண்டு தெரிஞ்ச பழைய ஆக்கள் எல்லாருக்கும் போன் அடிச்சினம். பாதிப்பேர் செத்துப்போச்சினம். மிச்சத்தில சிலருக்குக் காது கேக்காது, சிலர் மறதி வருத்தத்தில அப்பாவையே மறந்திட்டினம். ஒருத்தற்ற மருமகன் இப்பவும் அங்க ஆமியில வேலையில எண்டு அறிஞ்சு அவருக்கும் அடிச்சினம். அவர் மரியாதையாக் கதைச்சுப்போட்டு, மேல கேட்டுப் பாக்கிறன் எண்டாராம். அதுக்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கேல்லை. அந்த ஸ்ட்ராத்ஃபீல்ட் சிங்கள மனுசன் என்னட்டைப் போனில, எங்களுக்கு வெக்கமா இருக்கு மகள் எண்டு தனக்குத் தெரிஞ்ச தமிழில சொல்லி அழுதார்.

காலமையில தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து வைக்கேக்க மாமி கேப்பா, ஏதும் தெரிஞ்சதோ எண்டு. இன்னும் இல்லைத் தங்கச்சி, கேட்டிருக்கிறன் எண்டுவார் அப்பா. அவ அதுக்குமேல ஒண்டும் கேக்கமாட்டா. தேத்தண்ணி ஆறிப்போகுது எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போவா. அடுத்த ஏப்ரலுக்கு அப்பா நடக்கப் போகேல்லை. போங்கோ, அங்க வாற ஆக்களிட்டையும் கேக்கலாமெல்லோ எண்டு மாமிதான் சொன்னா. அவர் கால் ஏலாது எண்டிட்டார். ரெண்டு பேரையும் நான் காரில கோயிலுக்குக் கொண்டுபோனன். மாமி ஐயரிட்டைப் பேர் நட்சத்திரம் சொல்லேக்க அப்பா தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். எனக்கு ரெண்டு பேரையும் பாக்கேலாமல் வெளியில வந்திட்டன்.

அந்த விண்டருக்கு அப்பாவுக்குச் சளி பிடிச்சு, அது நெஞ்சில இறங்கியிட்டுது. ஆஸ்பத்திரியில நல்லாப் பாத்தவை, ஆனா வயசு விடேல்லை. நினைவு இருந்த கடைசிப் பின்னேரம், தங்கச்சிக்கு என்ன சொல்லுறது எண்டு என்னைக் கேட்டார். வீட்டு விஷயம் ஒண்டும் கேக்கேல்லை, என்னைப் பற்றியும் கேக்கேல்லை. அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். அப்பா செத்ததை நான் தாங்குவன், எண்பது கடந்த மனுசன். குடுத்த வாக்கை முடிக்கேலாமல் முழிச்சுக்கொண்டு செத்ததைத்தான் இண்டைக்கும் என்னால தாங்கேலாமல் கிடக்கு.

செத்தவீட்டுக்கு நல்ல சனம். ஸ்ட்ராத்ஃபீல்ட் நண்பர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து பின்னுக்கு, சுவரோட நிண்டார். பொம்பிளையள் ஒவ்வொருத்தரா வந்து வாய்க்கரிசி போட்டினம். கடைசியா மாமி பொல்லை ஊண்டிக்கொண்டு வந்தா. நான் கையைப் பிடிக்கப் போக, விடு எண்டு கண்ணால சொன்னா. அரிசியைப் போட்டுப்போட்டு அப்பாவின்ர காதுக்குக் கிட்டக் குனிஞ்சா. பக்கத்தில நிண்ட எனக்குத்தான் கேட்டுது.

"அண்ணை, அங்க போய் என்ர பிள்ளையைத் தேடாதேங்கோ. அவன் அங்க இல்லை."

நிமிந்து, சீலைத் தலைப்பால அவற்ற நெத்தியைத் துடைச்சு விட்டா. பிறகு தள்ளி நிண்டு, பெட்டியை மூடச் சொல்லித் தலையாட்டினா.